கடை எடுக்கும் முன் பணம் எந்த மாதம் திரும்புகிறது என்று பாருங்கள்

கேள்வி இது. சிங்கப்பூரில் ஏழு பெண்கள் சேர்ந்து பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான் (பனையோலைக் கூடை), இலங்கைக் கைத்தறி ஆகியவற்றைச் செய்பவர்களிடமே நேரடியாக வாங்கி விற்கிறார்கள். ஆதாயத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தீபாவளிச் சந்தையிலும் சமூக மன்றங்களிலும் நன்றாகப் போகிறது. இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய கடை வாடகைக்கு வந்திருக்கிறது. அதை எடுக்கலாமா? அறநிறுவனமாகப் பதிந்தால் வளர்ச்சிக்கு உதவுமா? கொடுக்கும் விலை நியாயமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடை விஷயத்துக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். வாடகை அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். எனக்கு அது இரண்டாவது காரணம்தான். எந்தச் சந்தையில் எது விற்றது, யார் பாராட்டினார்கள், எது பத்தாமல் போனது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பாய் நெய்கிறவர் கைக்குக் காசு எந்த மாதம் போகிறது, அது உங்கள் கைக்கு எந்த மாதம் திரும்புகிறது என்று ஒரு வரிகூட இல்லை. இந்த மாதிரி அமைப்புகள் வளர்வதும் முட்டிக்கொண்டு நிற்பதும் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான். கைவினைப் பொருள் கொள்முதல், இறக்குமதிப் பக்கம் பல வருடம் இருந்தவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தீபாவளிக்கு விற்கிற பத்தமடைப் பாயையே எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் திருநெல்வேலிப் பக்கம் மழை. பாய் நெய்யும் கோரைப் புல் காயாது, சாயம் ஏற்றினாலும் உலராது. அதனால் வேலை தை பிறந்த பிறகு தொடங்கி ஆடிக்குள் முடிய வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் ஆர்டர் கொடுத்து முன்பணம் அனுப்புவீர்கள். ஜூலை, ஆகஸ்டில் சரக்குக் கட்டியதும் மீதியைத் தருவீர்கள். தூத்துக்குடியிலோ சென்னையிலோ மற்றவர்கள் சரக்கோடு சேர்த்துக் கொள்கலனில் ஏற்றி, இங்கே இறக்கி, சுங்க வேலை முடிந்து கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகிவிடும். விற்பனை செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்துத் தீபாவளியோடு முடிந்துவிடும். நிறுவனங்களுக்குப் பரிசுப் பொருளாகக் கொடுத்திருந்தால் அவர்கள் பில்லை 30 நாள், 60 நாள் என்று இழுத்துத்தான் தீர்ப்பார்கள். ஆக, பிப்ரவரியில் வெளியே போன பணம் டிசம்பரில்தான் முழுசாகத் திரும்பி வருகிறது.

வருடத்துக்கு ஒரே ஒரு சுற்று. உங்களிடம் 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 40,000 வெள்ளிக்குத்தான் சரக்கு வாங்க முடியும். வாசலில் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் அதற்கு மேல் முடியாது. அந்த 40,000-இலிருந்து கடைக்கு முன்வைப்புத் தொகை, அலமாரி, விளக்கு, பெயர்ப்பலகை என்று எடுத்தால் முதலில் குறையப்போவது பத்தமடைக்குப் போகிற ஆர்டர். வளர்வதற்காக எடுத்த கடை ஊரில் வேலையைக் குறைத்துவிடும்.

அப்படியானால் சரக்கு வந்த பிறகு மொத்தமாகப் பணம் கொடுத்தால் என்ன என்று உங்கள் குழுவிலேயே யாராவது கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் அப்புறம் நியாய வணிகம் (ஃபேர் டிரேட்) என்று சொல்லிக்கொள்ள முடியாது. உலக நியாய வணிக அமைப்பின் பத்துக் கொள்கைகளில் இது தெளிவாக இருக்கிறது: கைவினைப் பொருளுக்கு, செய்பவர் கேட்டால், குறைந்தது 50 விழுக்காட்டை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். காரணம் கண்ணெதிரே இருக்கிறது. கோரைக் கட்டு, சாயம், பாவு நூல் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். கையில் இல்லாதவர் உள்ளூர் வியாபாரியிடம் வாங்குவார். வாங்கிவிட்டால் நெய்த பாயை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும். நீங்கள் கடைசியில் எவ்வளவு நல்ல விலை கொடுத்தாலும் அந்தக் கடன் நடுவில் நின்று பாதியைத் தின்றுவிடும்.

வங்கதேசத்தின் ஆரோங் என்ற கைவினைக் கடைத்தொடர் தொடங்கிய கதையும் இதுதான். பிராக் என்ற தொண்டு அமைப்பு மாணிக்கஞ்ச் பக்கத்துப் பெண்களைப் பட்டு வளர்ப்பில் இறக்கியது. பட்டு வந்தது, ஆனால் டாக்காவில் அதை வாங்கிய ஒரு சில கடைகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துத்தான் பணம் கொடுத்தன. சரக்கை ஒப்படைத்த அன்றே அந்தப் பெண்களுக்குப் பணம் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே 1978-இல் ஆரோங் தொடங்கப்பட்டது. இன்று அது அந்த நாட்டின் பெரிய சில்லறை விற்பனைப் பெயர்களில் ஒன்று. பளபளப்பான காட்சிக்கூடங்கள் எல்லாம் பிறகு வந்தவை.

மேற்கே இதே துறையின் மூத்த அமைப்பான டென் தௌசண்ட் வில்லேஜஸைப் பாருங்கள். 1946-இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோவில் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளைப் பார்த்து, வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்தவர்களிடமும் தேவாலயக் குழுக்களிடமும் காரில் வைத்து விற்றார். மெனனைட் திருச்சபையின் உதவிக்குழு அதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. இன்றைய பெயர் வந்தது 1996-இல்தான், அதாவது தொடங்கி அரை நூற்றாண்டு கழித்து. அதே அமைப்பின் கனடா பிரிவு தன் தேசிய அளவிலான வேலையையும் தான் நடத்திய கடைகளையும் 2020-இல் மூடியது. பிரிட்டனில் 1979 முதல் நடந்த டிரெய்ட்கிராஃப்ட் என்ற நியாய வணிக நிறுவனம் 2023 ஜனவரியில் நொடித்துப்போய்த் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. அவற்றின் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் விற்பனை இறங்கும்போது கூடவே இறங்காத செலவுகள்தான் எந்தச் சில்லறை வணிகத்தையும் கவிழ்க்கும். நோக்கம் நல்லது என்பதால் கட்டட உரிமையாளர் வாடகையில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, அதுவும் லிட்டில் இந்தியாவில்.

கடையால் வரும் இன்னொரு கெடுதலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சந்தைக்கு வருடத்தில் சில நாள்தான் ஆள் வருகிறார்கள், அதே பாய், அதே கொட்டான் இருந்தால் போதும். கடைக்கு வாரா வாரம் அதே ஆட்கள் எட்டிப்பார்ப்பார்கள். "புதுசா என்னக்கா வந்திருக்கு?" என்பார்கள். அதற்காக நீங்கள் பொருள் வகைகளைக் கூட்டுவீர்கள். மூன்று ஊராக இருந்தது இருபது ஊர் ஆகும். ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆர்டர் போகும், எந்த ஊரிலும் நான்கு பேர் வருடம் முழுக்க நம்பி உட்கார முடியாது. உங்கள் ஆண்டறிக்கையில் "இருபது கிராமங்களுடன் பணியாற்றுகிறோம்" என்பது பார்க்க அழகாக இருக்கும். அந்த இருபதில் யாராவது உங்களை நம்பிப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைத் திட்டமிட முடியுமா என்று கேட்டால் பதில் வராது. என் கணக்கில் வளர்ச்சியின் அளவுகோல் ஒன்றுதான்: ஒரே நெசவாளருக்கு வருடத்தில் எத்தனை மாதம் உங்களால் வேலை கொடுக்க முடிகிறது. இரண்டு மாதம் ஐந்து மாதமானால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள்.

சரி, அதை எப்படிக் கூட்டுவது? பணச் சுற்றைச் சுருக்க வேண்டும். அதற்கு இந்த ஊரில் நம்மவர்களிடமே ஒரு வழி இருக்கிறது, அது தாம்பூலப் பை.

கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், அரங்கேற்றம் என்று சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இருநூறு, முந்நூறு பேருக்கு ஏதாவது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். பெரும்பாலும் சிராங்கூன் சாலையில் கடைசி இரண்டு வாரத்தில் போய்ப் பார்த்துப் பிளாஸ்டிக் டப்பாவோ எவர்சில்வர் கிண்ணமோ வாங்குகிறார்கள். அதே பணத்தில் உள்ளங்கை அளவு பனையோலைக் கொட்டான் கொடுக்கலாம். அதற்குள் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு லட்டு கச்சிதமாக உட்காரும். கல்யாண மண்டபத்தை ஆறு மாதம், ஒரு வருடம் முன்னால் பதிவு செய்கிறவர்களிடம் கொட்டானையும் ஐந்து மாதம் முன்னால் பேசச் சொல்வது கஷ்டமே இல்லை. முக்கியமான விஷயம், கல்யாண வீட்டார் முன்பணம் கொடுத்துப் பழகியவர்கள். சமையல்காரருக்கு, பூக்காரருக்கு, புகைப்படக்காரருக்குக் கொடுக்கிறார்கள். உங்களுக்கும் பாதியை முன்கூட்டிக் கொடுப்பார்கள். நீங்கள் காரைக்குடிப் பக்கம் அனுப்பும் முன்பணம் அவர்கள் பணமாகவே இருக்கும். உங்கள் 40,000 அப்படியே கிடக்கும்.

தேதியும் எண்ணிக்கையும் முன்பே தெரிவதால் விற்காத சரக்கு என்ற தொல்லையும் குறைகிறது. வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்கள் பரவிக் கிடப்பதால் வேலையும் பரவும். ஓலை பின்னும் பெண்களுக்கு இதைவிடத் தோதான ஆர்டர் வராது: ஒரே அளவு, ஒரே வடிவம், வண்ணம் மட்டும் மாறும். ஆனால் மழை மாதங்களில் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டால் போகட்டும்.

நிறுவனப் பரிசு ஆர்டர்களையும் விட வேண்டாம், ஆனால் அளவோடு வையுங்கள். ஒரு வங்கியோ மென்பொருள் நிறுவனமோ தீபாவளிக்கு அறுநூறு கைத்தறி மேசைவிரிப்பு கேட்டால் தலை சுற்றும். எத்தனை தறி இருக்கிறது, ஒரு தறியில் மாதத்துக்கு எத்தனை இறங்கும் என்று ஊரில் கேட்காமல் தலையாட்டினால், அங்கே பாதி வேலை வெளியாள் கைக்குப் போகும். யார் செய்தது, என்ன கூலி கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த வருடம் அந்த நிறுவனத்தில் வாங்கும் பொறுப்பில் இருப்பவர் மாறினால் அறுநூறு பூஜ்யமாகும், புதிதாகத் தறி போட்டவர்கள் தெருவில் நிற்பார்கள். எந்த ஒரு வாடிக்கையாளரும் உங்கள் மொத்தக் கொள்முதலில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விலை. "நாங்கள் பேரம் பேசுவதே இல்லை, அவர்கள் கேட்டதைக் கொடுக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசு, ஆனால் அது நியாய விலைக்குச் சான்றாகாது. கேட்பவருக்கே தன் நேரத்தின் கணக்குத் தெரியாமல் இருக்கலாம், அதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பத்தமடையில் நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், வீட்டில் இருந்தே வேலை. "இந்தப் பாய்க்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டால் தறியில் உட்கார்ந்த நாள்களைத்தான் சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையை வெயிலில் காய வைத்தது, கத்தியால் கீறியது, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டது, மறுபடி காய வைத்து இன்னும் மெலிசாகக் கீறியது, சாயத் தொட்டியருகே நின்றது எதுவும் அந்தக் கணக்கில் வராது. மெலிசான பட்டுப் பாய் என்றால் கீறுகிற வேலையே கண்ணைப் பிடுங்கும். கோரையைக் காய வைத்துத் திருப்பிப் போட்டது மாமியாரோ மகளோவாக இருக்கும். அவர்கள் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை.

அதனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாயை முதல் நாளிலிருந்து எழுதுங்கள். யார், எந்த வேலை, எத்தனை மணி நேரம். பொருள் செலவைத் தனியாகப் போடுங்கள். மொத்த மணி நேரத்தை எட்டால் வகுத்தால் வேலை நாள்கள் கிடைக்கும்; பொருள் செலவு போக மிஞ்சும் விலையை அந்த நாள்களால் வகுத்து, அந்த ஊரில் ஒரு நாள் வேலைக்கு என்ன கிடைக்கிறது, ஒரு குடும்பம் நடத்த என்ன வேண்டும் என்பதோடு ஒப்பிடுங்கள். அரசின் கிராமப்புற வேலைத் திட்டத்தில் கிடைக்கும் கூலியைவிடக் குறைவாக வந்தால், அவர்கள் சந்தோஷமாகச் சம்மதித்தாலும் அந்த விலை சரியில்லை. இதை ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் நூல் விலையும் அரிசி விலையும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஒரு மேசைவிரிப்புப் பாய்க்குச் செய்தவருக்கு 650 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்தால் 10 வெள்ளி. ஊர்க் குழுவின் செலவு, பொதி கட்டுவது, துறைமுகம் வரை வண்டி, கடல் கட்டணம், காப்புறுதி எல்லாம் அந்தப் பத்தோடு சேர்த்து 12.50. கைவினைப் பொருளுக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு, அது பொருளின் விலைக்கு மட்டுமில்லாமல் கப்பல் கட்டணம், காப்புறுதி சேர்ந்த தொகைக்கு விழும். உங்கள் ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாததால் நீங்கள் வரிப் பதிவு செய்திருக்க மாட்டீர்கள், ஆகவே கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை, அதுவும் அடக்கத்தில் சேரும். இறக்கும் கூலி, கழிவு எல்லாம் போட்டால் ஏறக்குறைய 15 வெள்ளிக்குச் சரக்கு உங்கள் வீட்டுக்கு வரும். சந்தைக் கூடத்துக் கட்டணம், அட்டைக் கட்டணம், சேமிப்பு, நடத்துகிற செலவு, அடுத்த ஆர்டருக்கான முன்பணம் எல்லாம் இதற்கு மேல்தான் வர வேண்டும். 38 வெள்ளிக்கு விற்றால் செய்தவருக்குப் போனது கால் பங்குக்குச் சற்று மேல். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள், கால் பங்குதானா என்று. கணக்கைத் திறந்து காட்டுங்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு 25 வெள்ளிக்கு விற்கிற குழுக்கள்தான் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன. அருங்காட்சியகக் கடை மாதிரி இடங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தால் அவர்கள் பாதி வரை எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் 38 போடும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரக்கு வைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்களில் யாரோ ஒருவர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையில்தானே பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன? எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள். காற்று போகாத அந்த அறையில், இந்த ஊர் ஈரப்பதத்தில், கோரையும் ஓலையும் பூஞ்சைக்கு விருந்து. பெட்டியைத் திறந்ததும் ஈர மண் வாடை அடித்தால் உடனே மடிப்பு ஓரங்களைப் பாருங்கள். மிளகுத் தூள் சிந்தினாற்போல் கரும்புள்ளிகள் இருக்கும். துடைத்தாலும் தடம் போகாது. பாய்களை மடிக்காமல் சுருட்டி நிற்க வைப்பது, அட்டைப் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பது, ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்றை ஓடவிட்டு ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது, இவ்வளவுதான். ஊரிலேயே நன்றாக உலர்ந்த பிறகுதான் கட்டச் சொல்ல வேண்டும். கப்பல் தேதிக்காக அவசரப்படுத்தினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டித் தருவார்கள். இப்படிக் கெட்ட சரக்கின் நஷ்டம் யாருக்கு என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். கப்பல் ஏறும் வரை அவர்களுடையது, ஏறிய பிறகு உங்களுடையது என்பது எளிமையான வரம்பு. மாதிரி ஒன்றை இரண்டாகச் செய்து ஒன்று அங்கே, ஒன்று இங்கே இருந்தால் நிறம், அளவு பற்றிய சண்டைகள் பாதி குறையும்.

மரச் சாமான்களுக்குப் போகப் போகிறோம் என்று எழுதியிருப்பதால் இதையும் கவனியுங்கள். ஈட்டி, சீஷம் வகை மரங்கள் எல்லாம் 2017 முதல் அழிவுறும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. எடை அளவைப் பொறுத்துச் சில விலக்குகள் உண்டு. மற்றபடி இந்தியாவிலிருந்து அதற்கான சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். மயிலிறகு விசிறியை ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யவே தடை இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தால் மாம்பலகைச் சாமானோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

இனிப் பதிவு. அறநிறுவனமாகப் பதிந்தால் நன்கொடை வரும், வளரலாம் என்று நினைக்கிறீர்கள். சிங்கப்பூரில் அறநிறுவனம் என்றால் அதன் நோக்கம் முழுதாகவோ பெரும்பாலுமோ சிங்கப்பூர்ச் சமூகத்துக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும். உங்கள் பயனாளிகள் பத்தமடையிலும் இலங்கையின் குருநாகலிலும் இருக்கிறார்கள். நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு தரும் ஐபிசி (பொது நல அமைப்பு) தகுதிக்கு விதி இன்னும் இறுக்கம். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அனுமதி வாங்க வேண்டும். திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. ஆகவே சந்தை மேசையில் "நெசவாளர் பிள்ளைகளின் படிப்புக்கு" என்று உண்டியல் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் பொருள் விற்கிறீர்கள், அதற்கு விலை வாங்குகிறீர்கள், அந்த எல்லைக்குள் இருப்பதுதான் நல்லது.

எனக்குச் சரியாகப் படுவது, பங்குகள் இல்லாத, உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாக (உறுப்பினர்கள் உறுதியளித்த தொகைக்கு மட்டுமே பொறுப்பு) ஏக்ரா என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவது. ஆதாயத்தை உறுப்பினர்களுக்குப் பிரிக்கக் கூடாது என்று அமைப்பு விதியிலேயே எழுதிவிடலாம். சங்கமாகப் பதியப் பத்துப் பேராவது வேண்டும், நீங்கள் ஏழு பேர். தவிர வணிகம் செய்யச் சங்கம் அவ்வளவு தோதான வடிவமும் இல்லை. அறநிறுவனத் தகுதி இல்லாவிட்டால் மிச்சத்துக்கு 17 விழுக்காடு நிறுவன வரி உண்டு, புதிய நிறுவனங்களுக்கான சலுகைகள் போக. முதல் சில வருடம் உங்களுக்கு வரி கட்டும் அளவுக்கு மிச்சம் வந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் சந்தோஷப்படுவேன். சமூக நிறுவனங்களுக்காக 2015-இல் தொடங்கிய ரைஸ் மையத்திலும் போய்ப் பேசிப் பாருங்கள். மானியம் கிடைக்காவிட்டாலும் ஆலோசனை கிடைக்கும்.

முத்திரை விஷயத்தில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் உண்டு. காப்பி, தேயிலை, பருத்தி உறைகளில் பார்க்கும் ஃபேர்டிரேட் முத்திரை பண்டத்துக்குப் பண்டம் தருவது. பாய், கொட்டானுக்கு அது கிடையாது. கைவினையில் நடப்பது, முழு அமைப்பையும் சோதித்து உலக நியாய வணிக அமைப்பு உறுப்பினராக்கும் முறை. அதற்குக் கட்டணம், தணிக்கை, எழுத்து வேலை எல்லாம் உண்டு, உங்கள் இன்றைய அளவுக்கு அவசரமில்லை. அதற்குப் பதில், ஏற்கெனவே இந்த முறையில் நடக்கிற குழுக்களிடம் ஒரு பகுதியை வாங்கலாம். சென்னையில் சிபா என்ற தென்னிந்தியக் கைவினைஞர்களின் அமைப்பு இருக்கிறது. இலங்கையில் 1991-இல் குருநாகல் பக்கம் தொடங்கிய செலின் கைத்தறி இருக்கிறது. அவர்கள் கூலிக் கணக்கைத் திறந்து காட்டிப் பழகியவர்கள். அவர்களோடு ஒரு வருடம் வேலை செய்தாலே மற்ற ஊர்களில் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

கடைசியாக ஆள். இப்போது எல்லாரும் தொண்டூழியர்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் ஏழு பேரும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நிற்கிறீர்கள், ஜனவரியில் ஒருவரும் பெட்டியை எண்ணுவதில்லை. சம்பளத்துக்கு முதல் ஆள் வைக்கும்போது சமூக ஊடகத்துக்கு ஒருவர் வேண்டும் என்று இளையவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கையும் கணக்கையும் பார்க்கிற ஒருவரை, வாரம் மூன்று நாளானாலும் போதும், வையுங்கள். என்ன இருக்கிறது, யாருக்கு எந்தத் தேதியில் மீதிப் பணம் போக வேண்டும், எந்தக் கல்யாண வீடு முன்பணம் தரவில்லை என்பது ஒரே தாளில் இருக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவரானால் சம்பளத்துக்கு மேல் மத்திய சேமநிதிக்கு 17 விழுக்காடு உங்கள் பங்கு, அதையும் விலையில் சேர்த்துப் போடுங்கள். அவர் சேர்ந்ததும் முதல் வேலையாக, போன மூன்று வருடத்தில் ஒவ்வொரு நெசவாளருக்கும் எந்தெந்த மாதம் எவ்வளவு போயிருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அதை அனுப்பினால் அடுத்த பிப்ரவரி ஆர்டரை எப்படிப் பிரிப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.